பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் போதுமா?

ஒரு பழங்காலக் கோயிலோ மசூதியோ நூலகமோ போரில் இடிக்கப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: "யுனெஸ்கோ என்ன செய்துகொண்டிருந்தது?" காடு எரிந்தாலும் பவளத்திட்டு வெளுத்துப்போனாலும் அதே கேள்விதான். கேட்பவர்களின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்துவிட்டால் அந்த இடத்துக்கு உலக அளவில் ஒரு காவல் வந்துவிடும் என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அப்படி ஒரு காவல் கிடையாது. யுனெஸ்கோவிடம் படை இல்லை, நீதிமன்றம் இல்லை, ஒரு நாடு கூப்பிடாமல் அதன் எல்லைக்குள் போய்ச் சோதனை போடும் அதிகாரமும் இல்லை. எந்த நாட்டில் அந்த இடம் இருக்கிறதோ அந்த நாட்டின் இறையாண்மையை முழுமையாக மதித்துத்தான் எல்லாம் நடக்கும் என்று 1972ஆம் ஆண்டின் உலகப் பாரம்பரிய ஒப்பந்தமே எழுதி வைத்திருக்கிறது.

அப்படியென்றால் இத்தனை நாடுகள் கூடிப் பேசிக் கையெழுத்துப் போட்டதெல்லாம் வெறும் சடங்கா என்றால், அதுவும் இல்லை. சில இடங்களில் இந்த ஏற்பாடு யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு வேலை செய்திருக்கிறது, சில இடங்களில் கண்முன்னே தோற்றிருக்கிறது. சொந்த நாடு மனம் வைத்ததா, வெளியிலிருந்து வந்த உதவி எத்தனை காலம் நிலைத்து நின்றது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் இது அமைகிறது என்பது என் எண்ணம்.

இந்தக் கதை எகிப்தில் தொடங்குகிறது. 1950களில் நைல் நதிக்குக் குறுக்கே அஸ்வான் உயர் அணை கட்ட எகிப்து முடிவெடுத்தது. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் அந்த அணை வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அணை எழுந்தால் தேங்கும் நீர் சூடான் எல்லைக்குள்ளும் போய், சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு நூபியா என்ற நிலப்பகுதியையே மூழ்கடிக்கும். மூவாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய அபு சிம்பெல் கோயில்கள் உட்பட ஏராளமான சின்னங்கள் அதற்குள் இருந்தன. 1959இல் எகிப்தும் சூடானும் உதவி கேட்டன. 1960 மார்ச் 8 அன்று யுனெஸ்கோவின் அப்போதைய தலைமை இயக்குநர் வித்தோரினோ வெரோனெசே உலக நாடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தார்.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். நான்கே ஆண்டுகளுக்கு முன் சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தின் மீது படையெடுத்திருந்தன. அணை கட்டப் பணமும் பொறியாளர்களும் தந்தது சோவியத் யூனியன். அணையால் மூழ்கப்போகும் கோயில்களைத் தூக்கி வைக்க அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பிய நாடுகளும் பணம் போட்டன. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது இது நடந்தது.

அபு சிம்பெல் வேலை 1964இல் தொடங்கி 1968இல் முடிந்தது. குன்றைக் குடைந்து செதுக்கிய கோயில் அது, முகப்பில் இரண்டாம் ராமேசஸ் மன்னனின் நான்கு சிலைகள், ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர் உயரம். முதலில் தண்ணீர் வராமல் தடுக்க ஒரு தற்காலிக அணை. அப்புறம் மேலே குன்றை வெட்டும்போது கல் விழுந்து முகப்பு சேதமாகாமல் இருக்க, சிலைகள் மறையும் அளவுக்கு மணலைக் கொட்டி மூடினார்கள். பிறகுதான் அறுவை. இத்தாலியிலிருந்து வந்த பளிங்குத் தொழிலாளர்கள், வெளியே தெரியும் பகுதிகளில் பிளவு சில மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதற்காகக் கைரம்பத்தால் அறுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள், பல 20 டன் எடையையும் தாண்டியவை, எண் போட்டு எடுக்கப்பட்டு, பழைய இடத்திலிருந்து சுமார் 65 மீட்டர் மேலே, 200 மீட்டர் உள்ளே தள்ளி, மறுபடி அதே ஒழுங்கில் பொருத்தப்பட்டன. ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் அக்டோபரிலும், விடியல் வெளிச்சம் நேராகக் கருவறைக்குள் போய் விழும்படி பழைய சிற்பிகள் அமைத்திருந்தார்கள். இடம் மாற்றிய பிறகும் அந்த வெளிச்சம் இன்றுவரை உள்ளே போகிறது. செலவு ஏறத்தாழ 4 கோடி டாலர், அதில் பாதி அளவுக்குச் சுமார் 50 நாடுகள் தந்தன. நன்றியாக எகிப்து சில சிறு கோயில்களையே அன்பளிப்பாகக் கொடுத்தது. தெபோத் கோயில் இன்று மாட்ரிட்டில் இருக்கிறது, தெந்தூர் கோயில் நியூயார்க்கில்.

இந்த வெற்றிக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதே நீரில் நூபிய மக்களின் ஊர்களும் மூழ்கின. எகிப்து, சூடான் இரண்டிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஆற்றங்கரையை விட்டு வேறு இடங்களுக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டார்கள். கல்லுக்காக உலகமே திரண்டது, அந்த மக்களுக்காக அப்படி யாரும் திரளவில்லை. பாரம்பரியம் என்று நாம் எதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம் என்ற இந்தச் சிக்கல் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது, இன்னும் தீர்ந்தபாடில்லை.

நூபியா ஒரு நம்பிக்கையைக் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் வெள்ளம் தலைக்கு மேல் வந்த பிறகு வசூலுக்குக் கிளம்புவதைவிட நிரந்தரமான ஓர் ஏற்பாடு வேண்டும் என்ற பேச்சு வந்தது. 1966 நவம்பரில் வெனிஸும் ஃபிளாரன்ஸும் ஒரே நாளில் வெள்ளத்தில் மூழ்கியது அந்தப் பேச்சுக்கு இன்னும் வலுச் சேர்த்தது. இன்னொரு பக்கம் அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களுக்காக உழைத்தவர்கள், இயற்கைக்கும் இதுபோல ஒன்று வேண்டும் என்று தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு கோரிக்கையையும் ஒரே ஆவணத்தில் சேர்த்து 1972 நவம்பர் 16 அன்று பாரிஸில் ஏற்றுக்கொண்டதுதான் இன்றைய ஒப்பந்தம். மலையும் கோயிலும் ஒரே பட்டியலில் இருப்பது இப்போது நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது, அன்றைக்கு அது புதுமை. முதலில் கையெழுத்திட்டு உறுதிசெய்த நாடு அமெரிக்கா, 1973இல். 1978இல் முதல் 12 இடங்கள் பட்டியலில் ஏறின, கலாபகஸ் தீவுகளும் எத்தியோப்பியாவின் லாலிபெலா பாறைத் தேவாலயங்களும் அவற்றில் உண்டு. இப்போது 196 நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. 2025 கூட்டத்துக்குப் பிறகு எண்ணிக்கை 1,248.

நடைமுறை இதுதான். ஒரு நாடு தன்னிடமுள்ள இடத்தைத் தானே முன்மொழிய வேண்டும், இன்னொரு நாட்டு இடத்தை யாரும் பரிந்துரைக்க முடியாது. பண்பாட்டு இடம் என்றால் ஐகோமாஸ் என்ற நிபுணர் அமைப்பும், இயற்கை என்றால் ஐயூசிஎன் அமைப்பும் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரும். கடைசி முடிவு 21 நாடுகள் கொண்ட குழுவிடம். ஓட்டை இங்கேதான். குழுவில் உட்கார்ந்திருப்பது அரசுகள். நிபுணர்கள் "இன்னும் தயாராகவில்லை, அடுத்த முறை பார்க்கலாம்" என்று எழுதிய இடத்தைக் குழு "பரவாயில்லை, சேர்த்துவிடலாம்" என்று முடிப்பது அடிக்கடி நடக்கிறது. 2021இல் தாய்லாந்தின் கேங் கிராச்சன் காட்டுத் தொகுதி விஷயத்தில், அங்கே வாழும் கரேன் பழங்குடி மக்களின் உரிமைகள் தீராமல் இருக்கின்றன, முடிவைத் தள்ளிவையுங்கள் என்று ஐநாவின் மனித உரிமை நிபுணர்களே கேட்டார்கள். தள்ளிவைக்கவில்லை. ஒரு சான்றிதழுக்காக அரசுகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொள்வதை ஒத்துழைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பட்டியலில் ஏறிய பிறகு ஓர் இடம் கெட்டுப்போனால் 'ஆபத்தில் உள்ள பாரம்பரியம்' என்ற இன்னொரு பட்டியல் இருக்கிறது. இதை உதவிக்கான அழைப்பாகத்தான் உருவாக்கினார்கள். பெரும்பாலான அரசுகளோ இதைத் தலைகுனிவாகப் பார்க்கின்றன, தங்கள் இடம் அதில் வராமல் இருக்கத் தூதரகங்கள் வழியாக முழுமூச்சாக வேலை செய்கின்றன. அந்தக் கூச்சமே சில நேரம் நல்லதும் செய்யும். வெனிஸை அந்தப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரை வந்த 2021இல், பெரிய சொகுசுக் கப்பல்கள் ஊரின் நடுக் கால்வாய் வழியாகப் போவதை இத்தாலி தடைசெய்தது, பல வருடம் ஊர்க்காரர்கள் கேட்டும் நடக்காத காரியம் அது. பெலீஸ் நாட்டின் பவளத்திட்டு 2009இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போனது, அலையாத்திக் காடுகளை வெட்டிக் கட்டடம் எழுப்பியதும் எண்ணெய் தோண்டும் திட்டங்களும் காரணம். உள்ளூர் மக்களும் சூழல் அமைப்புகளும் விடாமல் அழுத்த, தன் கடல் பகுதி முழுவதிலும் எண்ணெய் எடுப்பதை நிறுத்திவைத்து அந்த நாடு சட்டமே போட்டது. 2018இல் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. ஒரு சின்ன நாடு வருமானத்தை விட்டுக்கொடுத்து இதைச் செய்தது என்பது சாதாரண விஷயமில்லை.

ஒரு நாடு பேச்சைக் கேட்காவிட்டால்? பட்டியலை விட்டே நீக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. இதுவரை மூன்றே இடங்கள் முழுமையாக நீக்கப்பட்டிருக்கின்றன. ஓமான் நாட்டில் அரேபிய ஓரிக்ஸ் மான்களுக்கான சரணாலயத்தின் பரப்பை எண்ணெய்க்காக 90 விழுக்காடு குறைத்தார்கள், 1996இல் சுமார் 450 இருந்த மான்கள் 65 ஆகிவிட்டன, 2007இல் பெயர் எடுக்கப்பட்டது. ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு, நாலுவழிப் பாலம் கட்டியதால் 2009இல். அந்தப் பாலத்துக்கு ஊர் மக்களே வாக்கெடுப்பில் ஆதரவு தந்திருந்தார்கள். மூன்றாவது லிவர்பூல் துறைமுகப் பகுதி, 2021இல். ஓமானில் மான்கள் போன பிறகு பெயரை எடுத்து யாருக்கு என்ன பயன் என்று கேட்டால், மிச்சமிருக்கும் நாடுகளுக்கு ஓர் எச்சரிக்கை என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

நாடுகள் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் கம்போடியாவின் பழைய கோயில் நகரமான அங்கோரைத்தான் காட்டுவேன். இருபது வருடப் போரும் கெமர் ரூஜ் ஆட்சியின் படுகொலையும் முடிந்து, 1991இல் பாரிஸ் அமைதி உடன்பாடு கையெழுத்தான மறு வருடமே அங்கோர் பட்டியலில் ஏறியது, அதே நாளில் ஆபத்துப் பட்டியலிலும். அப்போது அந்த நாட்டில் அதைப் பாதுகாக்கச் சட்டம் இல்லை, அலுவலகம் இல்லை, பயிற்சி பெற்ற ஆட்கள் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. சுற்றிலும் கண்ணிவெடிகள். சட்டம் இயற்று, தனி அமைப்பை உருவாக்கு, எல்லையை வரையறு என்று நிபந்தனைகளோடு சேர்த்தார்கள். 1993இல் டோக்கியோவில் கூடி, பிரான்சும் ஜப்பானும் கூட்டாகத் தலைமை ஏற்கும் ஓர் ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தார்கள்.

அந்தக் குழு ஏன் தேவைப்பட்டது என்றால், உதவ வந்த நாடுகள் அத்தனை. பயோன் கோயிலில் ஜப்பான், பாஃபுவோன் கோயிலில் பிரான்ஸ், தா புரோமில் இந்தியத் தொல்லியல் துறை, அங்கோர் வாட்டின் அப்சரஸ் சிற்பங்களில் ஜெர்மனி, சௌ சே தேவதாவில் சீனா. ஒவ்வொருவருக்கும் ஒரு முறை, ஒரு பிடிவாதம். 1980களின் பிற்பகுதியில் இந்தியக் குழு அங்கோர் வாட்டின் கற்களை ரசாயனம் கொண்டு சுத்தம் செய்தது பெரிய சர்ச்சையானது. அதே நேரம், அன்றைய கம்போடிய அரசைப் பெரும்பாலான நாடுகள் அங்கீகரிக்காத காலத்தில் அங்கே போய் வேலை செய்ய முன்வந்ததும் இந்தியாதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருங்கிணைப்புக் குழு வந்த பிறகு யார் என்ன செய்தாலும் மற்ற நாட்டு நிபுணர்கள் முன்னால் விளக்க வேண்டியிருந்தது, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2004இல் அங்கோர் ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

பாஃபுவோன் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. 11ஆம் நூற்றாண்டுக் கோயில், மணல் மேட்டின் மேல் எழுப்பியதால் சரிந்துகொண்டே இருந்தது. 1960களில் பிரெஞ்சு நிபுணர்கள் அதைக் கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறித்துவைத்து, சுற்றியிருந்த காட்டுக்குள் அடுக்கினார்கள், அடித்தளத்தைப் பலப்படுத்திவிட்டுத் திரும்பக் கட்டலாம் என்று. போர் வந்தது, அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று, 1975இல் கெமர் ரூஜ் ஆட்சிக்கு வந்தபோது எந்தக் கல் எங்கே என்ற பதிவேடுகள் அழிந்தன. 1990களில் திரும்பி வந்தபோது காட்டுக்குள் ஏறத்தாழ மூன்று லட்சம் கற்கள், எது எங்கே என்று சொல்லும் குறிப்பு கிடையாது. சாந்து பூசாமல் கல்லோடு கல் பொருந்தும் கட்டுமானம் என்பதால் ஒரு கல்லின் இடத்தில் இன்னொன்று உட்காராது. பழைய புகைப்படங்களையும், எஞ்சியிருந்த சில முதிய தொழிலாளர்களின் நினைவையும், கல்லின் விளிம்புச் செதுக்கலையும் வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தி, 2011இல் முடித்தார்கள். இப்படி ஒரு வேலையைத் தேர்தலுக்குத் தேர்தல் மாறும் உதவித்தொகையை நம்பிச் செய்ய முடியாது.

அதே அங்கோரில் 2022க்குப் பிறகு சுமார் 10,000 குடும்பங்கள் பாரம்பரியப் பகுதியை விட்டு வெளியே அனுப்பப்படுகின்றன. தாமாகவே போகிறார்கள் என்கிறது அரசு, மிரட்டி அனுப்புகிறார்கள் என்கிறது ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் 2023 அறிக்கை. கற்களுக்காக முப்பது வருடம் கூடிப்பேசத் தெரிந்த நாடுகளுக்கு இதைப் பற்றிப் பேசவும் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும்.

திருட்டுப் போன பொருள்களின் விஷயத்தில் ஒத்துழைப்பு ஓரளவு கூர்மையாகவே வேலை செய்கிறது. கம்போடியாவின் கோ கேர் பகுதியில் பிரசாத் சென் என்ற கோயிலில் பீமனும் துரியோதனனும் கதாயுதச் சண்டைக்கு நிற்கும் காட்சி, சுற்றி அமர்ந்து பார்ப்பவர்களோடு, கல்லில் இருந்தது. 1970களின் கலவரத்தில் அறுத்துக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் பாதங்கள் பீடத்திலேயே நின்றுவிட்டன. பல பத்தாண்டு கழித்து 2011இல் நியூயார்க்கில் துரியோதனன் சிலை ஏலத்துக்கு வந்தபோது, கணுக்காலுக்குக் கீழே இல்லாத அந்தச் சிலையும் காட்டில் இருந்த பாதங்களும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லின. வழக்கு நடந்தது, 2014இல் சிலை ஊர் திரும்பியது. அதே வருடம் கலிபோர்னியாவின் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து பீமனும் வந்து சேர்ந்தான். கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1970ஆம் ஆண்டு ஒப்பந்தமும் அமெரிக்க அரசு வழக்கறிஞர்களின் உழைப்பும் இல்லாமல் இது நடந்திருக்காது.

போர் நேரம்தான் மிகக் கடினம். 1954 ஹேக் ஒப்பந்தம் போர்க்காலத்தில் பண்பாட்டுச் சின்னங்களைத் தாக்கக் கூடாது என்கிறது. மாலி நாட்டின் திம்புக்துவை ஆயுதக் குழுக்கள் பிடித்திருந்தபோது, 2012 ஜூன் 28 அன்று அந்த நகரம் ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இரண்டே நாளில் சூஃபி ஞானிகளின் அடக்கத்தலங்களை இடிக்கத் தொடங்கினார்கள். பட்டியல் எதையும் தடுக்கவில்லை. ஆனால் அத்தோடு முடியவில்லை என்பதுதான் முக்கியம். அந்த இடிப்பை முன்நின்று நடத்திய அகமது அல் ஃபகி அல் மஹதி சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2016இல் ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பண்பாட்டுச் சின்னங்களை அழித்ததையே முதன்மைக் குற்றமாக வைத்து அந்த நீதிமன்றம் நடத்திய முதல் வழக்கு அது. 27 லட்சம் யூரோ இழப்பீட்டுக்கும் அவர் பொறுப்பு என்று மறு வருடம் நீதிமன்றம் சொன்னது. இடிந்த அடக்கத்தலங்களைத் திரும்பக் கட்டியவர்கள் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள் அல்ல. பணமும் தொழில்நுட்ப உதவியும் வெளியிலிருந்து வந்தன, மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பியவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துவரும் திம்புக்துவின் கொத்தனார்கள். 2015இல் வேலை முடிந்தது.

இயற்கை இடங்களுக்கு எல்லைக்கோடுதான் பெரிய தலைவலி. காங்கோவின் விருங்கா பூங்காவில் இருக்கும் மலைக் கொரில்லாக்கள் ருவாண்டாவுக்கும் உகாண்டாவுக்கும் தாராளமாகப் போய்வருகின்றன. இந்த நாடுகள் ஒன்றோடொன்று சண்டையில் இருந்த வருடங்கள் அதிகம், விருங்கா 1994 முதல் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது, பணியில் இதுவரை 200க்கும் மேற்பட்ட வனக்காவலர்கள் உயிர் இழந்திருக்கிறார்கள். அப்படியும் மூன்று நாட்டுப் பூங்கா அதிகாரிகள் தகவல் பரிமாறிக்கொள்வதையும் கூட்டாகக் கணக்கெடுப்பதையும் அரசுகளுக்கிடையே பேச்சே நின்றுபோன நேரங்களில்கூட முழுதாக விட்டுவிடவில்லை. 1980களில் சில நூறாகக் குறைந்திருந்த மலைக் கொரில்லாக்கள் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன, 2018இல் ஐயூசிஎன் அவற்றின் அபாய நிலையை ஒரு படி இறக்கியது. காப்பாற்றப்பட்ட இடங்களின் கதைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதில் உலக மாநாடுகளைவிடக் காட்டுக்குள் காலணி தேய நடந்தவர்களின் பங்கு அதிகம்.

கடைசியாகப் பணம். உலகப் பாரம்பரிய நிதிக்கு ஓர் ஆண்டில் வருவது ஏறத்தாழ 30 லட்சம் டாலர், 1,248 இடங்களுக்கும் சேர்த்து. பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் 2019இல் எரிந்தபோது அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் 84 கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை வந்தது. அதைக் குறை சொல்லவில்லை, அந்தத் தேவாலயம் மீண்டு எழுந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் தொலைக்காட்சியில் எரியாத இடங்களுக்கு யார் தருவது? ஒப்பந்தத்தை முதலில் உறுதிசெய்த அமெரிக்காவே, பாலஸ்தீனத்தை உறுப்பினராகச் சேர்த்ததால் 2011இல் யுனெஸ்கோவுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. மொத்த வரவுசெலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே நாளில் போனது. 2018 முடிவில் விலகியது, 2023இல் திரும்பி வந்தது, 2026 டிசம்பரில் மறுபடி விலகுவதாக 2025 ஜூலையில் அறிவித்துவிட்டது. இடைவெளியை நிரப்ப, 2017இல் பிரான்சும் ஐக்கிய அரபு அமீரகமும் முன்னின்று ஜெனீவாவில் தொடங்கிய அலிஃப் போன்ற நிதியங்கள் போரில் சேதமான இடங்களுக்குத் தருகின்றன, சில அரசுகள் தாங்கள் விரும்பும் இடங்களுக்கு நேரடியாகத் தருகின்றன. நேரடியாகத் தருவதில் பணம் சீக்கிரம் வந்து சேரும். ஆனால் எந்த இடம் பிழைக்கும் என்பதைத் தருபவரின் நட்பும் ஆர்வமும் முடிவுசெய்யும். ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் கட்ட ஒப்புக்கொண்ட சந்தா யுனெஸ்கோவுக்குத் தரும் தொகையில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 1972இல் வைத்த உச்சவரம்பு இன்றும் அப்படியே இருக்கிறது. அன்று பட்டியலில் ஓர் இடம்கூட இல்லை.